தரிசன நாளும் விமானக் கட்டணமும்

திருமலைக்குச் செல்லும் வெளிமாநில பக்தர், ரூ.300 சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுகிறார். அதில் குறிக்கப்பட்ட நாளை மாற்ற இயலாது. விமானம் ரத்தானால் பயணக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறிய தரிசனம் கிடைக்காது. கடைசி நேரத்தில் வேறு விமானம் தேடுவோர் கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும்.

2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ரேணிகுண்டா விமான நிலையத்தின் கதை, நாட்டின் விமானக் கொள்கைக்கே ஓர் எடுத்துக்காட்டு. 1953-இல் தொடங்கிய அரசின் ஏகபோகம் 1994-இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. போட்டி வந்தால் கட்டணம் குறையும், சிறு நகரங்களும் பயன்பெறும் என்றார்கள். அது பொய்க்கவில்லை. 2015 ஜூலையில் ட்ரூஜெட் நிறுவனம் தனது முதல் விமானத்தை ஐதராபாதிலிருந்து திருப்பதிக்கே இயக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ரேணிகுண்டாவின் புதிய முனையத்தைப் பிரதமர் மோடி திறந்து வைத்தார்.

முனையம் நிலைத்தது, ட்ரூஜெட் 2022-இல் நின்றுபோனது. கிங்பிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ பர்ஸ்ட் 2023-லும் முடங்கின. விஸ்தாரா 2024-இல் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விளைவு, உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இண்டிகோ, ஏர் இந்தியா குழுமம் ஆகிய இரண்டையே நம்ப வேண்டிய நிலை.

இதன் ஆபத்து 2025 டிசம்பரில் வெளிப்பட்டது. விமானிகளின் ஓய்வு நேரம் குறித்த புதிய விதிகளுக்கு இண்டிகோ உரிய முன்னேற்பாடு செய்யாததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்ற விமானங்களில் கட்டணம் விண்ணைத் தொட்டது. அதன் பிறகே, தூரத்திற்கேற்ப ரூ.7,500 முதல் ரூ.18,000 வரை மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. வெள்ளம் வந்தபின் அணை போட்ட கதைதான் இது.

அரசுக்கு எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. ஆந்திரத்தைச் சேர்ந்த விஜயசாய் ரெட்டி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, கட்டணங்களைக் கட்டுப்படுத்தத் தனி அமைப்பும், வழித்தடவாரியாக உச்சவரம்பும் தேவை என 2024 பிப்ரவரியிலேயே பரிந்துரைத்தது. நிலைக்குழுக்களின் அறிக்கைகள் அவையில் வைக்கப்படுவதோடு நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது.

எல்லாக் கட்டணத்தையும் அரசே நிர்ணயிக்க வேண்டும் என்பதல்ல வாதம். அது பழைய ஏகபோகத்துக்கே வழிவகுக்கும். சிறு நிறுவனங்களையும் விரட்டும். ஆனால், ஓரிரு நிறுவனங்கள் மட்டுமே பறக்கும் வழித்தடங்களில் கட்டணத்தைத் தொடர்ந்து கண்காணித்து வெளியிடுவதும், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி போன்ற காலங்களில் முன்கூட்டியே வரம்பு அறிவிப்பதும் அரசின் கடமை. புதிய நிறுவனங்கள் பிழைத்திருக்கும் சூழலை உருவாக்குவதும் அதே அளவு அவசியம்.

போட்டி இருக்கும் இடத்தில் சந்தையே பயணியைக் காக்கும். போட்டி இல்லாத இடத்தில் அரசுதான் காக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், பயணிக்கு ஏழுமலையான்தான் துணை.