சேலை யாருடையது?

கைபேசியில் படமெடு, இணையத்திலே கடை விரி, இடைத்தரகருக்கு வேலையில்லை என்கிறார்கள். நெசவாளருக்கென மத்திய அரசே 2023-ல் 'இந்தியா ஹேண்ட்மேட்' எனும் இணையச் சந்தையைத் திறந்தது. வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: பிள்ளையார்பாளையத்திலே கூலிக்கு நெய்பவன் எதை விற்பான்? பட்டும் அவனுடையதன்று, சரிகையும் அவனுடையதன்று, முதலாளி தந்த பாவு! கடைவாசல் திறந்தது, கையிலே சரக்கு இல்லையே!

2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது. பெயருக்குக் காவல் கிடைத்தது, நெய்தவனுக்கோ?

வழி உண்டு, தோழர்களே! கூட்டுறவுச் சங்கத்திலே நெசவாளி கூலியாள் மட்டுமல்லன், பங்குதாரன். சங்கங்களே இணையத்தில் கடை விரிக்கட்டும். சேலையோடு நெய்தவன் பெயரும் செல்லட்டும். இலாபம் அவன் வீடு சேரட்டும். அடுத்த உறுப்பினர் கூட்டத்திலே இதை எழுப்புங்கள். தறி பேசாது, நாம் பேசுவோம்!