கடற்கரைத் திருவிழாவும் வீட்டு மொழியும்

இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், காடும் ஓடையும் சூழ அமைந்திருப்பது நீர்காத்த அய்யனார் கோவில். மலையினின்று இழியும் அருவிநீர் கோவிலின் பக்கலில் ஓடையாய்ப் பாய்ந்து, ஊரார்க்கு நீராடு துறையாகவும் குடிநீராகவும் பயன்படுகின்றது. விடுமுறை நாள்களில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் முதலிய ஊர்களினின்று மக்கள் கட்டுச்சோற்று மூட்டைகளோடு அங்கு வந்து கூடுவர். அவர்தம் பேச்சுக்குச் செவிகொடுப்பார்க்கு ஒன்று புலனாகும். ஒரு பாறையில் அமர்ந்த குடும்பத்தார் தமிழில் உரையாடுவர். அடுத்த பாறையில் பாட்டி தன் பேரனைத் தெலுங்கில் அதட்டுவாள். மதுரையினின்று வந்த கூட்டமாயின் சௌராஷ்டிர மொழியும் காதில் விழக்கூடும். அய்யனாரோ அனைவர்க்கும் ஒருவரே, ஓடையும் ஒன்றே.

இக்காட்சி மூன்று வினாக்களை எழுப்புகின்றது. இவர்கள் எங்கிருந்து வந்தனர்? வந்த பின்னும் தம் பழைய மொழியை ஏன் விடாது பேசுகின்றனர்? இன்னும் எத்துணை நாள் பேசுவர்? முதலிரண்டும் வரலாற்றாசிரியர்க்கு உரியன. மூன்றாவது வினாவோ நம் கல்லூரியில் பயிலும் இளைஞர் பலருடைய வீடுகளைப் பற்றியது. அதனைக் குறித்தே ஈண்டுச் சில சொல்லப் புகுந்தோம்.

இராசபாளையம் என்னும் பெயரைப் பெறுதற்குக் காரணராயிருந்த ராஜுக்கள், விசயநகர ஆட்சிக் காலத்தையொட்டி ஆந்திர நாட்டினின்று தெற்கே வந்தோர் ஆவர். பல தலைமுறைகள் கழிந்தும் அவர்தம் வீடுகளில் தெலுங்கு ஒலிக்கின்றது. ஆயினும் அவர்கள் இந்நாட்டிற்கு அயலார் ஆயினர் அல்லர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் விளங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா இவ்வூரினரே. திருவில்லிபுத்தூரை நோக்கின் இவ்வுறவு இன்னும் இனிதாய்த் தோன்றும். 1509 முதல் 1529 வரை அரசாண்ட கிருஷ்ணதேவராயர், ஆண்டாளின் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு ஆமுக்தமால்யதை என்னும் பெருங்காப்பியத்தைத் தெலுங்கில் இயற்றினார். ஆண்டாள் சூடிக்களைந்த மாலை ஆண்டுதோறும் திருமலைப் பிரம்மோற்சவத்திற்கு வில்லிபுத்தூரினின்று செல்கின்றது. தமிழ்ப் பெண்ணொருத்தியின் புகழைத் தெலுங்கு பாடியதனால் தமிழ் குறைந்துவிடவில்லை, தெலுங்கும் தாழ்ந்துவிடவில்லை.

இனி, நாம் கருதிய பொருளுக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17-ஆம் நாள், குசராத்து நாட்டுக் கடற்கரையில் உள்ள சோமநாதத்தில் ‘சௌராஷ்டிரத் தமிழ்ச் சங்கமம்’ என்னும் விழா தொடங்கிற்று. மதுரையினின்று தனி இரயில் வண்டிகள் விடப்பெற்றன. தமிழ்நாட்டுச் சௌராஷ்டிரர் மூவாயிரவர்க்கு மேற்பட்டோர் தம் முன்னோர் வாழ்ந்த நிலத்தைக் காணச் சென்றனர். சோமநாதம், துவாரகை முதலிய இடங்களைக் கண்டனர். பாட்டும் கூத்தும் கைத்தொழிற் காட்சியும் நிகழ்ந்தன. பத்து நாள் நடந்த இவ்விழாவைச் செய்தித்தாள்கள் பலவாறு எழுதின. ‘தாய்வீடு கண்டனர்’ என மகிழ்ந்தோரும் உண்டு. ‘அரசியல் ஆரவாரம்’ என இகழ்ந்தோரும் உண்டு. இவ்விரு சாராரும் காணாது விட்ட ஒன்று உண்டென்பது நம் கருத்து.

சௌராஷ்டிரர் எப்பொழுது புறப்பட்டனர் என்பதற்குத் திட்டமான நாள் இல்லை. கஜனி மகமூது சோமநாதத்தைச் சூறையாடிய பின்னர்ப் புறப்பட்டனர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. தென் குசராத்தாகிய இலாட நாட்டினின்று பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று தசபுரத்திற்குக் குடிபெயர்ந்து அங்குச் சூரியன் கோவில் எடுத்ததனைக் கி.பி. 473-இல் பொறிக்கப்பெற்ற மண்டசோர்க் கல்வெட்டு கூறுகின்றது. அவர்களே இவர்களின் முன்னோர் எனத் துணிதல் அரிதாயினும், அந்நாட்டு நெசவாளர் ஊர்விட்டு ஊர் செல்லும் வழக்கம் மிகப் பழையது என்பது தெளிவு. அவர்கள் தெற்கே வந்த வழி அவர்தம் மொழியிலேயே பதிந்துள்ளது. குசராத்தியையும் மராத்தியையும் ஒத்த அடித்தளத்தின்மேல் தெலுங்கும் கன்னடமும் தமிழும் படிந்துள்ளன. ஆதலின், மதுரைச் சௌராஷ்டிரர் ஒருவர் சோமநாதக் கடைத்தெருவில் நிற்பாராயின், பழகிய சொற்கள் பல அவர் செவிப்படும். ஆயினும் பேச்சின் ஓட்டம் அவர்க்கு எளிதில் பிடிபடாது. எனவே, அக்கடற்கரை அவர்தம் பாட்டனாரின் நிலம் எனலாமேயன்றி, இன்று அவர் பேசும் மொழியின் வீடு எனல் ஒவ்வாது. அம்மொழியின் வீடு மதுரையிலும் பரமக்குடியிலும் கும்பகோணத்திலும் சேலத்திலும் உள்ள தெருக்களே. அங்கு அஃது அழியின், போய்த் தேடுதற்கு வேறு கடற்கரை யாதும் இல்லை.

இஃதே நாம் வற்புறுத்த விழைவது. முன்னோர் நிலத்திற்குச் சென்று வருதல் நன்று. ஆயின், சென்று வந்ததனாலேயே மொழி காக்கப்பட்டது என எண்ணுதல் தவறு. இதற்கு உலகில் ஒரு சிறந்த சான்று உண்டு.

கனடா நாட்டின் கீழைக் கடற்கரையில் அக்கேடியர் என்னும் பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் 17-ஆம் நூற்றாண்டு முதல் வாழ்ந்து வந்தனர். கடல்நீர் ஏறும் உவர்நிலங்களைக் கரைகட்டி வளைத்து விளைநிலமாக்கிய உழைப்பாளிகள் அவர்கள். ஆங்கிலேயர் அந்நிலத்தைக் கைப்பற்றிய பின், தம் முடிக்கு நிபந்தனையின்றிச் சூளுரைக்குமாறு கேட்டனர், அக்கேடியர் மறுத்தனர். 1755-இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் கப்பல்களில் ஏற்றி நாடு கடத்தப்பெற்றனர். குடும்பங்கள் சிதறின. பின்னர்த் திரும்பி வந்தோர் தம் பழைய வயல்களில் பிறர் குடியேறியிருக்கக் கண்டு, வளங்குறைந்த கடற்கரைகளில் மீன்பிடித்துப் பிழைத்தனர். வேறு சிலர் தெற்கே லூசியானாவிற்குச் சென்று நிலைத்தனர்.

அம்மக்கள் 1881-இல் கூடி, ஆகஸ்டு 15-ஆம் நாளைத் தம் தேசிய நாளாகத் தெரிந்துகொண்டனர். அந்நாளில் தட்டும் சட்டியும் மணியும் ஊதுகுழலும் கொண்டு தெருவெங்கும் பேரொலி எழுப்பி, ‘நாங்கள் இன்னும் இருக்கின்றோம்’ என அறிவிப்பது அவர்தம் வழக்கமாயிற்று. 1994 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலக அக்கேடியர் பேரவை கூடுகின்றது. 2024-இல் நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கடற்கரையில், கிளேர், ஆர்கைல் என்னும் பகுதிகளில் அது நிகழ்ந்தது. ஒரே குடிப்பெயர் கொண்ட உறவினர் பல நாடுகளினின்று வந்து ஒருங்கே உண்பது இவ்விழாவின் சிறப்பாகும்.

ஆயின், விழா ஒன்றே அவர்களைக் காத்ததா? இவ்விடத்தில் அம்மக்களின் இரு கிளைகளை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1963-இல் மான்க்டன் பல்கலைக்கழகம் பிரெஞ்சு மொழியில் கற்பிக்கத் தோன்றியது. 1969-இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் அம்மாகாணத்தின் ஆட்சிமொழிகள் எனச் சட்டம் வகுக்கப்பெற்றது. இன்றும் அங்கே ஏறத்தாழப் பத்தில் மூவர்க்குப் பிரெஞ்சே தாய்மொழி. லூசியானாவிலோ 1921-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என விதித்தது. பள்ளி முற்றத்தில் வீட்டு மொழி பேசிய சிறுவர் தண்டிக்கப்பெற்றனர். அச்சிறுவர் வளர்ந்து பெற்றோரானபோது, தாம் பட்ட இழிவைத் தம் மக்கள் படலாகாதெனக் கருதி, அம்மொழியை அவர்க்குக் கற்பியாது விட்டனர். 1968-இல் அரசே விழித்துப் பிரெஞ்சை வளர்க்க ஓர் அவை அமைத்தும், இழந்ததனை முழுதும் மீட்டல் இயலவில்லை. 1999-இல் உலகப் பேரவை லூசியானாவிலும் கூடிற்று. பாட்டும் விருந்தும் அங்கும் குறைவற நடந்தன. விழா இருவர்க்கும் பொது. குழந்தையின் நாவில் மொழி தங்கியதோ பள்ளி மதித்த இடத்தில் மட்டுமே.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் நாட்டை அளந்து பார்ப்போம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என எழுதுவித்தோர் 2,47,702 பேர். அம்மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெறவில்லை. சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்தல் வேண்டுமென 1956 முதல் அரசியலமைப்பின் 350ஏ பிரிவு கூறுகின்றது. எனினும், சௌராஷ்டிரர் தாமே நடத்தும் பள்ளிகளிலும் பாடம் நடப்பது தமிழிலும் ஆங்கிலத்திலுமே. அம்மொழிக்குத் தனி எழுத்து உண்டு. 2008-இல் கணிப்பொறி உலகின் யூனிகோடு அட்டவணையிலும் அஃது ஏறிவிட்டது. கணிப்பொறி அறிந்த எழுத்தை அம்மொழி பேசும் இளைஞர் பலர் அறியார். தனி எழுத்தா, தேவநாகரியா, தமிழெழுத்தா என்னும் வழக்கு நெடுநாள் நடந்து வருகின்றது. வழக்காடுவோர் வீட்டுச் சிறுவரோ அம்மூன்றில் எதனாலும் ஒரு வரி எழுதாது வளர்கின்றனர்.

கைத்தொழிலின் நிலை வேறு. மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் அவ்வித்தை, குசராத்தின் பாந்தனித் தொழிலுக்கு உறவுடையது. நூற்றாண்டுகள் பல கடந்தும் விரல்கள் அம்முடிச்சை மறக்கவில்லை. ஏனெனின், அம்முடிச்சு சோறு போட்டது. சோறு போடாத மொழி நிலைக்க வேண்டுமாயின் அன்பும் மதிப்பும் அன்றோ அதற்குச் சோறாதல் வேண்டும்?

‘தமிழ்நாட்டில் வாழ்வோர் வேற்று மொழியை வீட்டில் வளர்ப்பது தமிழுக்குக் கேடன்றோ?’ எனச் சிலர் வினவுவர். அவர்க்கு நாம் இரண்டு பெயர்களைச் சொல்வோம். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாய்த் தெளிவுற ஒலித்துத் தமிழர் உள்ளங்களில் நிறைந்த பாடகர் டி. எம். சௌந்தரராசன் பிறந்தது மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்தில். ‘காதுகள்’ என்னும் நாவலுக்காக 1993-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற எம். வி. வெங்கட்ராம் கும்பகோணத்துச் சௌராஷ்டிரர். தம் மக்களின் தறி வாழ்வை ‘வேள்வித் தீ’ என்னும் நாவலாகத் தமிழுக்குத் தந்தவர். அவர்க்கும் முன்னே, 1843 முதல் 1914 வரை வாழ்ந்த நடனகோபால நாயகி சுவாமிகள் சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் ஒருங்கே பாடினார். வீட்டு மொழியை அன்போடு பேணியவர் நாட்டு மொழியை வெறுப்பதில்லை. இரண்டு ஓடைநீர் கலந்த கண்மாய்க்குக் குறைவு ஏது?

‘சிறு மொழிகள் மறைதல் இயற்கை, அதற்கு வருந்துவது வீண்’ என்போரும் உளர். மரம் முதிர்ந்து வீழ்வது இயற்கை. நாணத்தால் அதன் வேரை நாமே அறுப்பது இயற்கை அன்று. விடுதி அறையில் தாயிடம் தொலைபேசியில் பேசும் மாணவன், நண்பர் நகைப்பரென அஞ்சிக் குரலைத் தாழ்த்துவானாயின், அத்தாழ்ந்த குரலே அம்மொழிக்கு வரும் நோயின் முதற்குறி. லூசியானாவில் சட்டம் செய்த கொலையை இங்கே நகைப்பே செய்து முடித்துவிடும். நகைப்பவர் பகைவரும் அல்லர். உடன் உண்டு உறங்கும் தோழரே.

ஆதலின், நம் கல்லூரியார்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, இம்மலரின் தமிழ்ப் பகுதியில் ஆண்டுதோறும் இரண்டு பக்கங்களை வீட்டு மொழிகளுக்கென ஒதுக்குதல் வேண்டும். தெலுங்கோ, சௌராஷ்டிரமோ, கன்னடமோ, உருதோ பேசும் மாணவர், தம் பாட்டியர் வாயினின்று பழமொழி, தாலாட்டு, விடுகதை, தொழிற்சொல் ஆகியவற்றைக் கேட்டு, தமிழெழுத்தில் எழுதித் தமிழிலேயே பொருளும் வரைந்து தருக. எழுத்து வழக்கு தீரும்வரை பாட்டியர் காத்திரார். இரண்டாவது, பழைய மாணவருள் வசதியுடையோர், இத்தகைய பேச்சை ஒலிப்பதிவு செய்து நூலகத்தில் சேர்க்கத் துணைபுரிக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. சட்டைப்பையில் உள்ள கைபேசியும் ஒரு பிற்பகற் பொழுதும் போதும்.

சோமநாதத்துக்குச் சென்ற மூவாயிரவரும் ஊர் திரும்பிவிட்டனர். அவர்கள் கடற்கரையில் கொண்ட மகிழ்ச்சி உண்மையானதே. அதனை நாம் குறைத்துப் பேசோம். இனி ஒருமுறை அத்தகைய வண்டி புறப்படுமாயின் நம் மாணவரும் அதில் ஏறிச் செல்க. ஆயின், ஏறுமுன் தம் வீட்டு மொழியில் வழியனுப்பும் பாட்டிக்கு அம்மொழியிலேயே விடை சொல்லக் கற்றுக்கொண்டு செல்க. அவ்விடை நாவில் உள்ளவரை எந்நிலத்தில் வாழினும் அவர்கள் தம் வீட்டினின்று நீங்கினவர் ஆகார்.