மழைக்காலத்தில் தைக்கும் பைகள்



இம்மாதம் இந்தப் பக்கத்தில் பிரசங்கம் குறைவாகவும் தையல் வேலை அதிகமாகவும் இருக்கும். சகோதரர்களே, தையல் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

மும்பைத் துறைமுகத்தில் சிறிய பாய்மரப் படகு ஒன்றைப் பராமரிக்கும் வேலையில் நம் சபையின் வாலிபர் ஒருவர் இருக்கிறார். கன்னியாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்தவர். மழைக்காலம் வந்தால் இவ்வகைப் படகுகளைக் கரையேற்றி, பாய்களைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். அப்படிக் கரையேறி நின்ற படகைக் காணும்படி என்னையும் என் மனைவியையும் அவர் அழைத்துச் சென்றார். நீளம் 22 அடி. உள்ளறையில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. "பாஸ்டர், இதுல நாலு பேர் மூணு நாள் தங்குவாங்க" என்றார். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராய் வாழ்ந்து பழகிய எங்களுக்கே அது மலைப்பாயிருந்தது.

அங்கே மர அலமாரி அதிகமில்லை. சுவர் முழுவதும் கித்தான் துணியில் தைத்த பைகள். கண்ணாடிக்கு ஒன்று, டார்ச்சுக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று, கடல் வரைபடத்திற்கு நீளமாய் ஒன்று. காய்கறிகள் கூரையிலிருந்து ஒரு வலைத்தொட்டிலில் தொங்குகின்றன. படகு ஆடும்போது அவை எதிலும் மோதிக் கன்றிப்போகாமல் தாமும் ஆடும், நாற்புறமும் காற்றும் படும். படுக்கைப் பலகையின் ஓரத்தில் ஒரு கித்தான் தடுப்பு. படகு சாயும்போது உறங்குகிறவன் உருண்டு விழாமல் அது தாங்கிக்கொள்ளும். வெளியே, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளுக்கென ஒரு பை. ஈரக் கயிற்றின் நீர் வடியும்படி அதன் அடிப்பாகம் மட்டும் வலைத்துணி. கனமான தகர டப்பாக்கள் கீழே, நடுப்பகுதியில். அவற்றின்மேல் ஒட்டிய காகிதங்களையெல்லாம் கிழித்தெறிந்துவிட்டு அழியாத மையால் பெயர் எழுதியிருந்தார்கள். காரணம் கேட்டேன். படகினுள் நீர் புகுந்தால் அந்தக் காகிதம் ஊறி உரிந்து, நீரை இறைக்கும் பம்பின் வாயை அடைத்துவிடுமாம். காகிதத் துண்டால் படகு அமிழக்கூடும் என்பது எனக்குப் புதிய செய்தி.

"எதை எங்கே வைப்பது என்று யார் தீர்மானித்தது?" என்று என் மனைவி கேட்டாள். "ராத்திரி, இருட்டு, காத்து, படகு ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு, அப்போ கை எங்கே போகுமோ அங்கேதான் அக்கா பை தைப்போம்" என்றார் அவர். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

சிறு படகில் ஊசியும் நூலும் எவ்வளவு அவசியம் என்பதற்கு நம் மும்பையோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. சுஹைலி என்னும் 32 அடிப் பாய்மரப் படகு அன்றைய பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1964 டிசம்பரில் நீரில் இறக்கப்பட்டது. அதில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்திலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார். எந்தக் கரையிலும் நிற்காமல் உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகம் வந்து சேர்ந்தார். அப்போட்டியில் புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே.

பயணத்தின் தொடக்கத்திலேயே படகின் அடிப்பலகை இடுக்கில் நீர் கசிந்தது. அவர் கடலில் மூழ்கிப் பஞ்சுத்திரியை இடுக்கில் திணித்துப் பார்த்தார், நிற்கவில்லை. பின்பு அந்தப் பஞ்சை நீண்ட கித்தான் பட்டை ஒன்றில் வைத்துத் தைத்து, தார் பூசி, செம்பு ஆணிகளைப் பட்டையிலேயே முன்னதாகக் குத்தி வைத்துக்கொண்டு இறங்கினார். மூச்சடக்கும் சில விநாடிகளுக்குள் நீரின் கீழே ஆணியைத் தேடி எடுக்க நேரமேது? வேலை மேலேயே முடிந்திருந்தது. கீழே அடித்தது மாத்திரமே. அதே பயணத்தில், கிழிந்த பாயைத் தைக்கும்போது தம் மீசையையும் பாயோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு, பிடுங்கி விடுவித்துக்கொண்டார் என்பதும் உண்டு. மீசை வைத்த சகோதரர்கள் கவனிக்க.

வேதத்திலும் இந்தத் தொழிலுக்கு இடமுண்டு. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் ரோமாபுரியை விட்டுப் போகும்படி கட்டளை பிறந்ததால் கொரிந்துவுக்கு வந்து குடியேறியவர்கள். பிழைப்புக்காக ஊர் மாறிய உங்களுக்கும் எனக்கும் அவர்கள் அந்நியரல்ல. கூடாரத் தொழிலே அவர்களையும் பவுலையும் ஒரே வீட்டில் சேர்த்தது (அப். 18:2,3). கொரிந்துவோ இருபுறமும் துறைமுகம் உடைய பட்டணம். அங்கே கூடாரத் துணி தைத்த கைகள் கப்பல் பாயையும் தைத்திருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு. எழுதப்படாததை வற்புறுத்த மாட்டேன். ஏழைகளுக்கு வஸ்திரங்கள் தைத்த தொற்காளும் யோப்பா என்னும் துறைமுகத்தில் இருந்தவளே (அப். 9:36-39).

இப்பொழுது என் மனைவி திரும்பிப் பார்த்த காரணத்திற்கு வருகிறேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நாங்கள் அப்போது கலினாவில் தரைத்தள வீட்டில் இருந்தோம். மாலையில் மின்சாரம் போயிற்று. தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஏறியது. எங்கள் இளைய மகளுக்கு ஆஸ்துமா. மருந்து எப்போதும் கதவருகே ஆணியில் தொங்கும் பையில் இருக்கும். அன்று அது அங்கே இல்லை. முந்தின நாள், கன்வென்ஷன் நோட்டீஸ் கட்டுகளை மாட்ட இடம் வேண்டுமென்று அந்தப் பையைக் கழற்றி எங்கோ வைத்தவன் நான். குழந்தை மூச்சுத் திணற, நாங்கள் இருவரும் நீருக்குள் கைகளால் துழாவினோம். மேல்மாடியில் இருந்த ஒரு குஜராத்திக் குடும்பத்தார் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பாட்டியிடம் அதே மருந்து இருந்தது. கர்த்தருடைய கிருபையால் மகள் பிழைத்தாள். ஆனால் தேவன் பாட்டியை மாடியில் வைத்திருந்தார் என்று நான் சாட்சி சொன்ன ஒவ்வொரு முறையும், பையைக் கழற்றிய பங்கை விட்டுவிட்டே சொல்லிவந்தேன். அன்றைக்குப் படகிலிருந்து இறங்கும்போதுதான் மனைவியிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டேன். "இத்தனை வருஷமா அதுக்குத்தான் காத்திருந்தேன்" என்றாள்.

சரி, வேலைக்கு வருவோம். அந்த வாரமே அவள் ஒரு சுவர்ப்பை தைத்தாள். வாலிபர் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் எழுதுகிறேன். ஒன்றரை மீட்டர் கித்தான் போதும். தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்தால் பின்பு சுருங்காது. வீட்டுத் தையல் இயந்திரமே இரண்டு மூன்று மடிப்புகளைத் தாங்கும். ஊசி மட்டும் 18-ஆம் எண். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும், நைலான் வெயிலில் நைந்துபோகும். ஆகையால் பாலியெஸ்டர் நூல். பையைத் தட்டையாகத் தைத்தால் பொருள் நுழையாது. அடியில் இருபுறமும் ஒரு விரற்கடை மடிப்பு விட்டுத் தைக்க வேண்டும். பாரம் முழுவதும் வாயின் இரு மூலைகளிலேயே இழுக்கும். அங்கே துண்டுத் துணி வைத்து இரட்டைத் தையல். மேல் ஓரத்தை இரண்டாக மடித்துத் தைத்து, ஒரு சாணுக்கு ஒன்றாகப் பித்தளை வளையம் அடிக்க வேண்டும். வளையம் ஒன்றுதான் வெளியே காசு கொடுத்துச் செய்யும் வேலை. மடிப்பு கனத்து இயந்திரம் திணறும் இடத்தில், நூலில் மெழுகு தேய்த்துக் கையால் தைத்துவிடலாம். படகுக்காரர் அதற்கென உள்ளங்கையில் ஒரு தோலுறை மாட்டி ஊசியைத் தள்ளுகிறார்கள்.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். தைத்த பை நீரைத் தடுக்காது. ஊசித் துளை வழியே தண்ணீர் புகும். ஆகவே ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், வீட்டு ஒப்பந்தம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, வாயை மூன்று முறை மடித்துக் கட்டி, பின்பே துணிப்பையில் வைக்க வேண்டும். அதுவும் மேல்வரிசையில், மார்புக்கு மேலான உயரத்தில்.

எங்கள் பையில் ஏழு அறைகள். கதவருகே வலக்கை எட்டும் அறை மருந்துக்கு. மகள் இப்போது திருமணமாகிப் புனேயில் இருக்கிறாள். ஆனாலும் பேரனோடு வரும்போது மருந்தை அதில்தான் வைக்கிறாள். மற்ற அறைகளில் எதை வைப்பது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. இரண்டு சனிக்கிழமை இரவுகள் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தேடிப் பார்த்தோம். இரண்டு முறையும் என் கை இடப்பக்கமே போயிற்று; டார்ச்சோ வலப்பக்கம் இருந்தது. ஆகையால் அதை இடம் மாற்றியிருக்கிறோம்.