காற்றைக் கேட்டுப் பறக்கட்டும்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்த நான் அதனோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: காற்றுத் தெரியாமல் ட்ரோனை விடாதே!

சென்ற ஐப்பசியில் ஒருநாள், ஏரிக்குப் போன என் சித்தப்பாவின் படகு இருட்டிய பின்னும் கரை திரும்பவில்லை. வாடைக்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. அம்மாவும் சித்தியும் செபமாலையோடு கரையில் நின்றார்கள். "ஒரு ட்ரோன் இருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்" என்றார்கள் குப்பத்து இளைஞர்கள். "போவும், ஆனா இந்தக் காத்துல திரும்பி வராது" என்றார் தாத்தா. வாடை படகைத் தெற்கே தள்ளியிருக்கும் என்று சொல்லி, அந்தப் பக்கமே ஆட்களை அனுப்பினார். எஞ்சின் பழுதாகித் தென்கரைச் சேற்றில் ஒதுங்கிக் கிடந்த சித்தப்பாவை விடியற்காலையில் கண்டார்கள். இறைவனுக்கு நன்றி!

தாத்தா பள்ளிக்கூடம் போகாதவர். அவர் சொன்னது சரிதானா என்று எங்கள் அறிவியல் ஆசிரியையின் உதவியோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றில்லாத போது நொடிக்கு 10 மீட்டர் பறக்கும் ஒரு சிறு ட்ரோன். அதன் பேட்டரி 25 நிமிடம் தாங்கும் என்று கொள்வோம். காற்று நொடிக்கு 8 மீட்டர் வீசினால், காற்றோடு போகும்போது வேகம் 18 மீட்டர். ஐந்தே நிமிடத்தில் 5,400 மீட்டர் போய்விடும். பார்ப்பவர் கைதட்டுவர். ஆனால் திரும்பும்போது வேகம் வெறும் 2 மீட்டர். கரைக்கு வர 45 நிமிடம் வேண்டும். பேட்டரியில் மிச்சமிருப்பதோ 20 நிமிடம். தாத்தா சொன்னது சரியே! அதே ட்ரோனைத் தென்கரைக்கு எடுத்துச் சென்று, அங்கிருந்து காற்றை எதிர்த்து ஏவியிருந்தால், மெதுவாகத் தேடிக்கொண்டே போய், இரண்டு நிமிடத்தில் திரும்பியிருக்கும்.

"அதற்குத்தான் கருவிகள் இருக்கின்றனவே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ட்ரோன் சாய்வதை உணர ஒரு கருவி, உயரத்தை அறியக் காற்றழுத்தமானி, இடத்தை அறியச் செயற்கைக்கோள் வழிகாட்டி எல்லாம் உண்டு. ஆனால் காற்று இவற்றையும் சோதிக்கிறது. கடல்மட்டத்தருகே சுமார் 8 மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைகிறது. நொடிக்கு 10 மீட்டர் காற்று நேராக மோதினாலே அரை மில்லிபாருக்கு மேல் அழுத்தம் மாறக்கூடும். பல மீட்டர் ஏறிவிட்டோம், இறங்கிவிட்டோம் என்று கருவி ஏமாறக் கூடாதென்றே அதன்மேல் பஞ்சு போன்ற நுரையை வைக்கிறார்கள். கீழே பார்க்கும் கேமராவோ தரையின் அடையாளங்களைக் கொண்டு நகர்வை அளக்கிறது. ஏரியில் காற்று அலையை ஓட்டும்போது அது எதை அடையாளம் கொள்ளும்? செவ்வாய்க் கிரகத்தில் பறந்த 'இன்ஜெனுயிட்டி' என்ற சிறு ஹெலிகாப்டரும் 2024 சனவரி 18 அன்று, தன் 72ஆவது பறப்பில், அடையாளங்கள் அதிகமில்லாத மணற்பரப்பின் மேல் வழி தடுமாறி, இறங்குகையில் இறக்கை உடைந்தது.

நம் ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்துதான் 2013 சூலை 1 அன்று இந்திய வழிகாட்டுச் செயற்கைக்கோள்களில் முதலாவது ஏவப்பட்டது. நமக்கெல்லாம் பெருமை! ஆனால் செயற்கைக்கோள் "நீ எங்கே இருக்கிறாய்" என்றுதான் சொல்லும். "இன்னும் சற்று நேரத்தில் காற்று திரும்பும்" என்று சொல்பவர் எங்கள் தாத்தா.

மீனவர்க்கு ட்ரோன் எதற்கு என்று கேட்போரும் உண்டு. ட்ரோன் வந்தால் எல்லாம் தீரும் என்போரும் உண்டு. இரண்டும் தவறு என்பதே என் கருத்து. காணாமற்போன ஒருவரைத் தேட அது வேண்டும். ஏவுதளமும் பறவைகள் சரணாலயமும் அருகில் இருப்பதால், முறையான அனுமதியும் வேண்டும். பூநாரைகளைக் கலைப்பது பாவம். இவற்றுக்கெல்லாம் மேலாக, அதை ஏவும் கை காற்றை அறிந்த கையாக இருக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு மத்திய அரசு, வயல்களில் பயன்படுத்த 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. வயலுக்குப் பெண்கள் இயக்கலாமென்றால் ஏரிக்கும் இயக்கலாமே! வலை இழுப்போரும் மீன் விற்போரும் உள்ள வீடுகளில் பிறந்த எங்களைவிடக் காற்றோடு பழகியவர் யார்?

அன்புத் தோழியரே, 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி இயக்குநர் சான்றிதழ் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். தேர்வை இந்த ஆண்டு எழுதுகிறேன். வயதுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. அதுவரை மாலைதோறும் தாத்தாவின் அருகில் அமர்ந்து காற்றைப் படிப்பேன்.