பெரும்பான்மை ஒன்று, வாக்கு வேறு: அமெரிக்க ஹிஸ்பானிக் பகுதிகள் உணர்த்துவது என்ன?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில், மெக்சிகோ எல்லையையொட்டி ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் அமைந்துள்ளது ஸ்டார் கவுன்ட்டி. நம் நாட்டின் மாவட்டத்துக்கு இணையான இப்பகுதியில், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 66 ஆயிரம் பேர் வசிக்கின்றனர். அவர்களில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர், ஹிஸ்பானிக் எனப்படும் ஸ்பானிய மொழி மரபினர்.

2016 அதிபர் தேர்தலில் இங்கு ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டன் 79 சதவீத வாக்குகளைப் பெற்றார். 2020இல் ஜோ பைடனுக்குக் கிடைத்தது 52 சதவீதம் மட்டுமே. 2024இல் டொனால்ட் டிரம்ப் சுமார் 58 சதவீத வாக்குகளுடன் வென்றார். 1892க்குப் பின்னர் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவர் இங்கு வெற்றி பெற்றது அதுவே முதல்முறை. எட்டு ஆண்டுகளில் மக்கள்தொகையின் தன்மை மாறவில்லை, வாக்கு மாறியது.

இதற்கான காரணங்களுள் ஒன்று வரலாற்றில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் ஆட்சியின்போதே இப்பகுதியில் குடியேறிய குடும்பங்கள் பல. 1848 ஒப்பந்தத்தின் மூலம் இந்நிலம் அமெரிக்காவின் வசமானது. எனவே குடியேற்றப் பிரச்சினையைத் தங்கள் பிரச்சினையாக இங்குள்ள அனைவரும் கருதுவதில்லை. எல்லைக் காவலும் எண்ணெய் வயல்களும் பலருக்கு வேலை தருகின்றன. விலைவாசி உயர்வும் வாக்காளர்களின் முடிவைப் பாதித்தது.

பிற இடங்களிலும் ஒரே போக்கு காணப்படவில்லை. கியூபாவிலிருந்து வெளியேறியோரும் அவர்களது வழித்தோன்றல்களும் நிறைந்த புளோரிடாவின் ஹயலியா நகரம் குடியரசுக் கட்சியின் கோட்டையாகத் திகழ்கிறது. மெக்சிகோ வம்சாவளியினர் பெரும்பான்மையாக உள்ள கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ், ஜனநாயகக் கட்சியின் பக்கமே நிற்கிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் இரு ஊர்களும் ஒரே பிரிவின்கீழ் வருகின்றன. அரசியலில் அவை எதிரெதிர்த் திசையில் உள்ளன.

இந்த வேறுபாடு இப்போது தொகுதி எல்லைகளையும் பாதிக்கிறது. 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம், குடியரசுக் கட்சிக்கு மேலும் 5 இடங்கள் கிடைக்கும் நோக்கில் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளை மாற்றியமைத்தது. அவற்றுள் ஹிஸ்பானிக் மக்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதிகளும் அடங்கும். அதே ஆண்டு டிசம்பரில், 2026 தேர்தலில் அந்த வரைபடத்தைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

ஒரு தொகுதியில் ஹிஸ்பானிக் மக்கள் அதிகம் இருப்பதாலேயே அவர்கள் விரும்பும் பிரதிநிதி கிடைத்துவிடுவார் என்று கூற இயலாது. குடியுரிமை பெறாதோரும் 18 வயது நிரம்பாதோரும் மக்கள்தொகையில் இடம்பெறுவர்; வாக்காளர் பட்டியலில் இடம்பெற மாட்டார்கள். எஞ்சியோரிலும் வாக்களிப்போர் விகிதம் பிற சமூகத்தினரைவிடக் குறைவு. ஆகவே, காகிதத்தில் பெரும்பான்மையாகத் தெரியும் சமூகம் வாக்குச்சாவடியில் சிறுபான்மையாகிவிடக் கூடும்.

ஹிஸ்பானிக் வாக்குகள் தங்களுக்கே உரியவை என ஜனநாயகக் கட்சி நீண்டகாலம் நம்பியது. 2024 முடிவுகள் நிலைத்து நிற்கும் என இப்போது குடியரசுக் கட்சி நம்புகிறது. முதல் நம்பிக்கை பொய்த்ததற்கு ஸ்டார் கவுன்ட்டி சான்று. இரண்டாவது நம்பிக்கைக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.