பாண்டா தலைக்குத் தப்பினால் நடை வந்துவிடுமா?

பக்கவாதம் வந்தவரை டிவி முன்னால் ஒரு பலகைமேல் ஏற்றி விளையாட விட்டால் போதும், தள்ளாட்டம் சரியாகிவிடும். ஏறிக்கொண்டே போகும் மதிப்பெண்தான் அதற்குச் சாட்சி. இதை வீட்டார் நம்பினால் புரிந்துகொள்ளலாம். பிசியோதெரபி படித்தவர்களே நம்பும்போதுதான் எரிச்சல் வருகிறது.

நிண்டெண்டோ தன் ‘வீ’ விளையாட்டுக் கருவிக்காக 2007-இல் வீ ஃபிட் விளையாட்டோடு விற்ற பலகையையே எடுத்துக்கொள்வோம். எடை பார்க்கும் மெஷின் மாதிரி இருக்கும். நான்கு மூலையிலும் சென்சார். உடம்பின் பாரம் எங்கே விழுகிறது என்று நன்றாகவே சொல்லும். அந்த பாரம் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

அதில் ஒரு விளையாட்டு: பறந்து வரும் பந்தைத் தலையால் முட்ட வேண்டும், நடுவே ஷூவும் பாண்டா தலையும் வந்தால் விலக வேண்டும். இடக்கால் தளர்ந்த ஒருவர் இதை ஆடும்போது திரையை விட்டுவிட்டு அவர் இடுப்பைப் பாருங்கள். அது அசையாது. தோளை மட்டும் சாய்ப்பார். முழங்கால் பின்னுக்கு வளைந்து பூட்டிக்கொள்ளும். வலக்கை நாற்காலியை விடாது. ஆனாலும் பந்து மாட்டிவிடும், வீட்டார் கைதட்டுவார்கள். நாளுக்கு நாள் அவர் தேறுவது பலகையை ஏய்க்கும் வித்தையில்.

ஆய்வு இருக்கிறதே என்பார்கள். 2010-இல் கனடாவில் 22 பேரை வைத்துச் செய்த சிறு ஆய்வில் வீ ஜெயித்தது உண்மை. பிறகு 14 மையங்களில் 141 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் லான்செட் நியூராலஜியில் வந்தது. வீ ஆடியவர்களும், சீட்டு, பிங்கோ, ஜெங்கா ஆடியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறியிருந்தார்கள். அது கைக்கான ஆய்வு, ஒப்புக்கொள்கிறேன். சமநிலை ஆய்வுகள் பலவற்றிலோ வழக்கமான பயிற்சிக்கு மேல் விளையாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். கூடுதலாக அரை மணி நேரம் நிற்கப் பழகினால் யாருக்கும் கொஞ்சம் தேறும். பெயர் பலகைக்குப் போகிறது.

சலிப்பில்லாமல் நூறு தடவை பாரத்தை மாற்ற வைப்பது லேசான காரியமில்லைதான்; அதை இந்த விளையாட்டு செய்கிறது. ஆடும்போது பக்கத்தில் ஒருவர் நின்று, இடுப்பில் கை கொடுத்து, நாற்காலியைக் கொஞ்சங்கொஞ்சமாக விலக்கினால் அது பயிற்சிதான். அந்த ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் சிலர் பலகை வாங்குகிறார்களோ என்பது என் சந்தேகம்.

ஆட்டம் முடிந்ததும் அந்த இடக்கால் தளர்ந்தவர் பலகையிலிருந்து இறங்குவதைப் பாருங்கள். மூன்று விரற்கடை உயரம். முழு பாரத்தையும் இடக்காலில் வாங்கி வலக்காலைத் தரையில் வைக்க வேண்டும். சட்டென்று மகளின் தோளைப் பிடிக்கிறார். திரையில் அதற்குள் மதிப்பெண் வந்துவிட்டது.