அளவுகோல் யார் கையில்?

"திறமைக்குத் தக்க தரம், தரத்துக்குத் தக்க எதிரி, இதனிலும் சிறந்த நீதி உண்டோ?" இணையவழித் துப்பாக்கிச் சமர் விளையாட்டுகளின் தரவரிசை முறையைப் புகழ்வோர் இவ்வாறு கேட்கின்றனர். நீதி என்ற சொல்லை வணிகர் வாயிற் கேட்கும்பொழுது, தராசு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

இம்முறையின் தோற்றம் மாசற்றது. ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பௌதிகவியற் பேராசிரியராயிருந்த ஆர்பாட் ஏலோ, சதுரங்க வீரரின் வலிமையை அளக்க ஒரு சூத்திரம் வகுத்தார். 1960இல் அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனமும் 1970இல் உலகச் சம்மேளனமும் அதனை ஏற்றன. இருவரிடையே 200 புள்ளி வித்தியாசம் இருப்பின், வல்லவர் நூற்றுக்கு 76 பங்கு வெற்றி பெறுவார் என்பது கணிப்பு. முடிவு கணிப்பினின்று விலகினால் புள்ளிகள் மாறும். மாணவன் ஒருவனும் பென்சில் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். அளப்பவனையும் அளக்கலாம், இதுவே அம்முறையின் ஜனநாயகம்.

இன்றைய நிலை என்ன? வலோரன்ட் போன்ற ஆட்டங்களில் வீரன் காணும் பட்டம் வேறு. அவனுக்கு எதிரியைத் தெரிவுசெய்யும் மறை எண் வேறு. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கம்பனியின் ஆய்வாளர் பங்குகொண்ட 2017ஆம் ஆண்டு ஆய்வேடொன்று, சமவலிமையினரை மோதவிடுவது வீரரை ஆட்டத்திலே தக்கவைப்பதற்கு எப்பொழுதும் சிறந்த வழியன்று என வெளிப்படையாகவே வாதிட்டது. அதே ஆண்டில் அக்டிவிஷன் கம்பனிக்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. புதியவனை வல்லவனோடு ஓர் ஆட்டத்திற் சேர்த்து, வல்லவன் கையிலுள்ள ஆயுதத்தைக் காசு கொடுத்து வாங்கும் ஆசையை அவனுள் மூட்டும் வழி அதிலே விவரிக்கப்பட்டுள்ளது. எந்த விளையாட்டிலும் இதனைப் பயன்படுத்தவில்லை எனக் கம்பனி அன்று கூறியது. கூற்று மெய்யாயிருக்கலாம், ஆனால் அதனைச் சரிபார்க்கும் வழி ஆடுபவனிடம் இல்லை. எமது குற்றச்சாட்டு இதுவே.

"புதியவனை வல்லவனுக்குப் பலியிடலாமா?" என்பர். கூடாது, நேற்றுத் துப்பாக்கி ஏந்தியவனுக்குப் பாதுகாப்பு வேண்டியதே. நாம் எதிர்ப்பது அளவையை அன்று, அளவையின் தனியுடைமையை. விடைத்தாளைத் திருத்தும் முறையை மறைத்து, மாணவன் மீண்டும் மீண்டும் கட்டணம் செலுத்திப் பரீட்சைக்கு வருமாறு புள்ளியிடும் பரீட்சகனை எந்த ஆசிரியர் சகிப்பார்?

ஆடுபவரின் உழைப்பும் நேரமுமே அந்த எண்ணைப் பிறப்பிக்கின்றன. அதனைக் கணிக்கும் முறையை அறியும் உரிமையும் அவர்களுடையதே. சூத்திரம் வெளிவரட்டும், பின்னர் நீதியைப் பற்றிப் பேசுவோம்.